மிதிபட்ட மண்ணிலும் விதை முளைக்கும்

பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
எசாயா 55:10-11, உரோமையர் 8:18-23, மத்தேயு 13:1-23



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் படகில் ஏறி அமர்ந்திருக்கிறார். மக்கள் கூட்டம் கரையில் நிற்கிறது. படகில் இருந்தபடி அவர் பேசுவது வயலைப் பற்றி. கடலும் கழனியும் அடுத்தடுத்துக் கிடக்கும் நம் காரைக்காலுக்கு இது பழக்கமான காட்சி. விடியற்காலையில் மீன் இறக்கிவிட்டு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நிரவி, நெடுங்காடு பக்கம் குறுவைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் விளங்கும்படி ஆண்டவர் பேசுகிறார்.

விதைப்பவர் உவமையைக் கேட்டதும், "நான் எந்த நிலம்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது வழக்கம். வழியோரமா, பாறையா, முட்புதரா, நல்ல நிலமா என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்து, கொஞ்சம் வருந்தி, வீடு திரும்புகிறோம். இன்று அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைப்போம். முதல் நிலத்தில் மட்டும் நின்று வேறொன்றைக் கேட்போம்: வழியோர நிலம் எப்படி அப்படி ஆயிற்று?

அந்த நிலத்தில் பாறை இருந்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. முள் இருந்ததாகவும் சொல்லவில்லை. விதைப்பவர் கைவீசி இறைத்த விதை அங்கே போய் விழுந்தது என்றால், அது வயலை ஒட்டிய இடம்தான். வயலின் மண்தான் அங்கும்; வயலுக்குப் பெய்த மழைதான் அங்கும். வேறுபாடு ஒன்றே ஒன்று: அதன்மேல் ஆட்கள் நடந்தார்கள். மனிதரும் மாடும் வண்டியும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கி, மண்ணுக்குள் இருந்த இடைவெளியெல்லாம் அடைபட்டுப் போயிற்று. விதை உள்ளே போக வழியின்றி மேலே கிடந்தது. பறவைகள் வந்து பொறுக்கிக்கொண்டன. லூக்கா இதே உவமையை எழுதும்போது அந்த விதை மிதிபட்டதையும் குறிப்பிடுகிறார்.

ஆகவே வழியோர நிலம் பிறவியிலேயே கெட்ட நிலமில்லை. அது மிதிபட்ட நிலம். மிதித்தவர்கள் இருக்கிறார்கள், மிதித்ததற்குக் காரணங்களும் இருக்கின்றன. அப்படி இறுகிய மண்ணை மறுபடியும் விதை ஏற்கும் மண்ணாக்க முடியுமா? முடியும் என்றால் அதை யார் செய்வது, எவ்வளவு காலம் ஆகும்? இதற்கு விடை தேட உங்களை நெய்வேலிக்கு அழைத்துப் போகிறேன்.

நெய்வேலி நமக்கு வேற்றூர் இல்லை. கடலூர் மாவட்டமும் காரைக்காலும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம் என்ற ஒரே குடும்பம். அங்கே 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி. 1956-இல் அதை வெட்டியெடுக்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே, சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரத்தில் புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்கும் பங்கு உண்டு. ஆகையால் நெய்வேலி மண்ணைப் பற்றிப் பேசும்போது நாம் வேடிக்கை பார்க்கிறவர்கள் இல்லை. அங்கே வெயிலிலும் தூசியிலும் உழைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அங்கே நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

திறந்தவெளிச் சுரங்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். நிலக்கரிக்கு மேலே சுமார் 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை மண்ணும் களியும் மணற்பாறையும் இருக்கின்றன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமாக மண்ணை அகற்ற வேண்டும். பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய ஜெர்மானிய இயந்திரங்கள் இரவு பகலாகச் சுழன்று மண்ணை வெட்டுகின்றன. வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் போய், நிலக்கரி எடுத்து முடித்த பழைய குழியில் கொட்டப்படுகிறது. முன்னால் வெட்டிக்கொண்டே போகிறார்கள். பின்னால் நிரப்பிக்கொண்டே வருகிறார்கள்.

குழி நிரம்பிவிட்டதே, நிலம் திரும்பிவிட்டதே என்று தோன்றும். திரும்பியது பரப்பளவுதான். தலைமுறை தலைமுறையாக உழுது எருவிட்டு வளர்த்த மேல்மண் ஓர் அடி, இரண்டு அடி கனம் இருக்கும். மட்கும் மண்புழுவும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களும் அதில்தான் வாழ்ந்தன. அதைத் தனியே எடுத்து வைத்துக் காக்காவிட்டால் அது குழியில் கலந்து மறைந்துபோகும். நெடுங்காலமாக வெளிச்சமே காணாத ஆழத்து மண் மேலே வந்து படுத்துக்கொள்ளும். அதில் மட்கு இல்லை, உயிர் இல்லை. அதையும் மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்ய புல்டோசர்கள் ஓடுகின்றன. நல்ல வயல்மண்ணை எடுத்தால் ஏறக்குறைய பாதி இடைவெளிதான்; காற்றும் தண்ணீரும் அங்கே குடியிருக்கின்றன. கனத்த வண்டிகள் ஏற ஏற அந்த இடைவெளி நசுங்குகிறது. ஒரு கன சென்டிமீட்டர் மண் 1.3 கிராம் அளவில் இருந்தால் வேர் தாராளமாக இறங்கும். 1.7, 1.8 கிராம் என்று இறுகிவிட்டால் பெரும்பாலான பயிர்களின் வேர் முட்டிக்கொண்டு நிற்கும்.

அப்படிப்பட்ட நிலத்தில் தப்பித் தவறி முளைத்த ஒரு செடியைச் சுற்றித் தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் ஒரு சாண் ஆழம் நேராக இறங்கியிருக்கும். பிறகு மடங்கியிருக்கும். எங்காவது ஒரு வெடிப்பு கிடைக்காதா என்று தேடி, பக்கவாட்டிலேயே ஓடியிருக்கும். நுனி தடித்து, பக்கவேர்கள் குட்டையாக நின்றிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்கும். சரிவு இருந்தால் வழிந்தோடி இருக்கிற மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். நாலு நாள் வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டும். கடப்பாரையை ஊன்றினால் சில அங்குலத்திலேயே நின்றுவிடும். வானம் கொடுக்கிறது, மண்ணால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் முதல் வாசகத்தை நினைத்துப் பாருங்கள். வானிலிருந்து இறங்கும் மழை நிலத்தை நனைத்து முளைக்கச் செய்யாமல் திரும்புவதில்லை, தம் வாக்கும் அப்படியே என்று எசாயா வழியாக இறைவன் உறுதி தருகிறார். உடனே நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. வழியோரத்தில் விழுந்த விதை வீணாய்த்தானே போயிற்று? அப்படியானால் இறைவாக்கு எங்கே பலித்தது?

இறைவாக்கு விதையாக மட்டும் வருவதில்லை, உழவாகவும் வருகிறது. தரிசாய்க் கிடப்பதை முதலில் உழுது பண்படுத்துங்கள் என்று எரேமியாவும் ஓசேயாவும் மக்களை வேண்டினார்கள். விதைப்பதற்கு முன்பே கடவுளின் வேலை தொடங்கிவிடுகிறது. இறுகிய நிலத்தைத் தளர்த்துவதும் அவருடைய வேலைதான். அதற்கு ஆட்களைக் கூப்பிடுகிறார்.

நெய்வேலியிலும் அந்த வேலை நடந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் நிலக்கரி நிறுவனத்தாரும் சேர்ந்து, நிரப்பிய சுரங்க மண்ணை எப்படி விளைநிலமாக்குவது என்று ஆராய்ந்தார்கள். இறுகியதை ஆழமாகக் கீறித் தளர்த்த வேண்டும். தொழுவுரம் இட வேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். நுண்ணுயிர் உரம் சேர்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலம் என்ற ஒரு பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள்; அது இந்த மண்ணுக்கு மருந்தாகிறது. எந்தப் பொருளுக்காக அந்த மண் புரட்டப்பட்டதோ, அந்தப் பொருளிலிருந்தே அதற்கு நலம் தரும் ஒன்றும் கிடைக்கிறது. இப்படிப் பாடுபட்டு அங்கே மரங்களை வளர்த்திருக்கிறார்கள். நெல்லும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். இறந்த மண் என்று யாரும் கைகழுவத் தேவையில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், அன்பர்களே, மேலே பச்சை தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏமாறவும் கூடாது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் பல இடங்களில் நிலக்கரிச் சுரங்கங்கள். தோண்டியவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனதால் மண் சரிந்தது, ஆறுகள் பாழாயின. எனவே 1977-இல் அந்த நாடு ஒரு சட்டம் இயற்றியது: தோண்டிய நிலத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, பசுமை போர்த்த வேண்டும். நல்ல எண்ணத்தோடு வந்த சட்டம். நிறுவனங்களும் புல்டோசர்களை ஓட்டி நிலத்தை வழவழவென்று சமன் செய்து, புல் விதைத்தன. பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் அங்கே முன்பு அடர்ந்து நின்ற காடு திரும்பவில்லை. நட்ட மரக்கன்றுகள் குட்டையாகவே நின்றன, அல்லது பட்டுப்போயின. சமன் செய்வதற்காக ஓட்டிய வண்டிகளே மண்ணை இறுக்கிவிட்டன. சரிசெய்கிறோம் என்று செய்த வேலையே இன்னொரு மிதியாக முடிந்தது. பிறகு அறிஞர்கள் விழித்துக்கொண்டு, மேல் 1.2 மீட்டர் மண்ணைப் பொலபொலவென்று விட வேண்டும், சமன் செய்வதைக் குறைக்க வேண்டும் என்று முறையை மாற்றினார்கள். ஏற்கெனவே இறுகிய மலைச்சரிவுகளில் புல்டோசரின் பின்னால் நீண்ட இரும்புக் கொழுவை மாட்டி ஆழமாகக் கீறி, காட்டு மரங்களை நட்டுவருகிறார்கள். கீறிய நிலம் பார்க்க அலங்கோலமாக இருக்கும். அங்கேதான் மரம் வளர்கிறது.

ஜெர்மனியின் ரைன்லாந்து பகுதியில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கும் நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரிதான். தோண்டும்போதே வளமான மண்ணைத் தனியே எடுத்து, குழி நிரம்பிய பிறகு அதைச் சுமார் இரண்டு மீட்டர் கனத்துக்கு, முடிந்தவரை வண்டி ஏறாமல், மெதுவாகப் பரப்புகிறார்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குதிரைமசால். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைத் துளைத்துக் கொடுக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இப்படி நிறுவனமே பயிர் செய்து பேணி, அதற்குப் பிறகுதான் நிலம் உழவர் கைக்குப் போகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு நாம் முதலில் கஞ்சிதானே கொடுக்கிறோம்? எடுத்த எடுப்பில் விருந்து வைப்பதில்லையே! அதே பக்குவம்தான் இது. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும்படி லேவியர் நூலில் இஸ்ரயேலுக்குக் கட்டளையிட்ட கடவுளுக்கு, மண்ணின் பொறுமை எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருந்தது.

இப்போது நம் வாழ்வுக்கு வருவோம்.

நம் ஆன்மிகத்திலும் மேலே புல் விதைத்துவிட்டுப் பச்சையைக் காட்டும் பழக்கம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி தவறாது; திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் ஆளாய் நிற்போம்; வேளாங்கண்ணிக்கு நடந்தும் போவோம். எல்லாம் நல்லது. ஆனால் உடன்பிறந்த அண்ணனோடு பத்து ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இருக்காது. பங்கு பிரித்ததில் வந்த ஒரு வரப்புத் தகராறு நெஞ்சுக்கு அடியில் இறுகிக் கிடக்கும். அதன்மேல் எத்தனை செபமாலை சொன்னாலும் அருள் மேலே தேங்கி வழிந்தோடிவிடுகிறது. அதைத் தளர்த்த வேண்டுமானால் கீற வேண்டும், கீறினால் வலிக்கும். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வரும்போது, எளிதாகச் சொல்லக்கூடிய பாவங்களோடு நின்றுவிடாதீர்கள். கடப்பாரை எந்த இடத்தில் முட்டி நிற்கிறதோ அந்த இடத்தைக் கொண்டுவாருங்கள். ஆண்டவர் உங்களை அவமானப்படுத்தமாட்டார். அவர் வருவது வேருக்கு வழி திறக்க.

அடுத்தது, நம்மைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி. நம் தெருவிலேயே, நம் அன்பியத்திலேயே, கோயில் பக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். "அவனுக்கு மனசு கல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த மனம் எப்படி இறுகியது என்று கேட்டோமா? குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பெண் இருக்கிறாள். எல்லை தாண்டினாய் என்று பிடித்துப் போய்ச் சிறையில் வைக்கப்பட்டு, படகையும் இழந்து திரும்பிய மீனவர் இருக்கிறார். சாதியைக் காட்டி, கோயிலுக்குள்ளும் கல்லறையிலும்கூட ஒதுக்கப்பட்ட வரலாற்றைச் சுமந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் தமிழ்த் திருச்சபையில் இருக்கின்றன. அவர்கள் மிதிபட்டவர்கள். சில வேளைகளில் மிதித்த கால் நம்முடையது. அவர்களிடம் போய் அறிவுரை சொல்லிச் சமன் செய்யப் பார்ப்பது, இறுகிய மண்மீது மறுபடியும் புல்டோசரை ஓட்டுவதுதான். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். தவறு நம்முடையதாக இருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். விதையை அவசரமாக வீசாதீர்கள், காலம் கொடுங்கள்.

லூக்கா நற்செய்தியில் ஒரு தோட்டக்காரரை ஆண்டவர் காட்டுகிறார். கனி கொடுக்காத அத்தி மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கும்படி வேண்டுகிறார். மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறார். அவர் மரத்தைத் திட்டவில்லை. மண்ணைப் பார்க்கிறார். வேருக்குக் காற்று போகவில்லை, உணவு போகவில்லை என்று புரிந்துகொள்கிறார். குனிந்து வேலை செய்ய முன்வருகிறார். உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா தோட்டக்காரர் என்று எண்ணினார் அல்லவா? அவர் முற்றிலும் தவறாக எண்ணிவிடவில்லை. நம் இறுக்கத்தைக் கண்டு வெட்டச் சொல்லாமல், மண்ணில் மண்டியிட்டுக் கொத்துகிறவர் நம் ஆண்டவர். அதற்காகத் தம்மையே கோதுமை மணியாக மண்ணுக்குள் விட்டவர்.

இங்கேயே நிறுத்திவிட்டால் மறையுரை முழுமையாகாது. ஏனென்றால் இரண்டாம் வாசகத்தில் பவுல், படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் இருப்பதுபோல் புலம்புகிறது என்கிறார். நம் மீட்பையும் படைப்பின் விடுதலையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியானால் மண்ணின் புலம்பலும் அதை உழுதவர்களின் புலம்பலும் பலிபீடத்துக்கு வந்தாக வேண்டும்.

2023 ஜூலையில், நெய்வேலி அருகே வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றி விடும் கால்வாய்க்காக, பச்சைப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கதிர் வரும்வரை பொறுக்கக் கூடாதா என்று அழுதார்கள் உழவர்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று; அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி ஆணை வந்தது. பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாக எண்ணிய வள்ளலாரின் வடலூர் அங்கிருந்து தொலைவில் இல்லை. பயிருக்கு ஒரு தொகை குறிக்கலாம். பாட்டன் முப்பாட்டன் உழுது உயிரூட்டிய மண்ணுக்கு என்ன தொகை குறிப்பது? ஓர் அங்குல மேல்மண் இயற்கையாக உருவாக நூற்றாண்டுகள் ஆகும். பழைய ஏற்பாட்டின் யூபிலி ஆண்டில் நிலம் அதன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். இறுகிய மண்ணைத் தளர்த்துவதோடு கடமை தீராது. உழுதவர் கைக்கு அது திரும்புமா என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் பூமியின் கூக்குரலும் ஏழைகளின் கூக்குரலும் ஒன்றாகவே கேட்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியது இதைத்தான்.

அதே 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று காவிரிப்படுகையை ஒட்டிய மூன்று இடங்களும் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. மக்களும் தமிழ்நாடு அரசும் எதிர்த்ததால் ஏப்ரலில் ஒன்றிய அரசு அவற்றை நீக்கியது. தமிழ்நாட்டில் 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. காவிரித் தண்ணீர் நமக்கும் வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் நம் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. காரைக்கால் கடைமடை, ஆட்சி வரைபடத்தில் ஒரு தனித் துண்டு. ஆகவே நம் மண்ணைக் காப்பதில் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் விழிப்பு வேண்டும்.

நம்மால் முடியுமா என்று தயங்காதீர்கள். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையை இங்கே மறந்தவர் யாரும் இல்லை. உறவுகளைக் கொண்டுபோன அதே அலை, கரையோர வயல்களில் உப்பை நிறைத்துவிட்டுப் போயிற்று. இனி இந்த நிலம் ஆகாது என்று எத்தனை பேர் சொன்னார்கள்! வேளாண் அறிஞர்கள் வந்து, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவவும், ஜிப்சம் இடவும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும் வழிகாட்டினார்கள். அடுத்தடுத்த மழையும் கை கொடுத்தது. வானம் பொழிந்ததை வாங்கிக்கொள்ள மனிதர் மண்ணைத் தயார் செய்தார்கள். நிலம் திரும்ப விளைந்தது. இன்றைய முதல் வாசகத்தை நாம் நம் கண்ணாலேயே கண்டவர்கள்.

இன்று நம் வயல்களில் வேறு வகையில் இறுக்கம் வந்துகொண்டிருக்கிறது. சம்பா அறுவடையில் ஈரம் காயாத வயலில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. சக்கரம் போன தடத்தில், நெல்லுக்குள் தெளித்த உளுந்து நசுங்கிப் போகிறது. தப்பியதும் மேலே வர முடியாமல் திணறுகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முடிந்தவரை தண்ணீரை முன்கூட்டியே வடித்து, வயல் காய்ந்த பிறகு இறக்குங்கள். கோடையில் உளிக்கலப்பையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி அடிமண்ணைத் தளர்த்துங்கள். நம் ஊர் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, கேட்டுச் செய்யுங்கள். செங்கல் சூளைக்கும் மனை நிரப்பவும் மேல்மண்ணை வெட்டி விற்க யாராவது லாரியோடு வந்தால் மறுத்துவிடுங்கள். ஒரு மழைக்காலத்துச் செலவுக்காகப் பேரப்பிள்ளைகளின் சோற்றை விற்காதீர்கள்.

அன்பியங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் விழா வரை படைப்பின் காலம். அந்நாள்களில் ஒவ்வோர் அன்பியமும் ஒரு சிறு நிலத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தரிசாய்க் கிடக்கும் கோயில் நிலமாகவும் இருக்கலாம். கொத்துங்கள், எரு இடுங்கள், தக்கைப்பூண்டு தெளியுங்கள், பூத்ததும் மடக்கி விடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவர்கள் கைப்பட மண் அள்ளட்டும். அதே நாள்களில் ஒவ்வொரு குடும்பமும், முகம் பார்க்காமல் இருக்கும் ஒரு வீட்டுப் படியேறட்டும். மண்வெட்டியும் மன்னிப்பும் சேர்ந்தே போகட்டும். நெய்வேலியில் நிலம் இழந்து இழப்பீட்டுக்கும் வேலைக்கும் காத்திருக்கும் குடும்பங்களை நம் மன்றாட்டிலும், வாய்ப்பு வரும்போது நம் குரலிலும் சேர்த்துக்கொள்வோம்.

ஒரே ஆண்டில் பலன் தெரியாமல் போகலாம். சோர்ந்துவிட வேண்டாம். ரைன்லாந்தில் ஏழு ஆண்டு காத்திருக்கிறார்கள். அத்தி மரத்துக்காகத் தோட்டக்காரர் ஓர் ஆண்டு தவணை கேட்டார். நமக்குத் தவணை கிடைத்திருக்கிறது. வழியோர நிலம் என்று நாம் தள்ளிய இடத்திலும் விதைப்பவர் விதையை வீசத்தான் செய்தார். அந்த நிலத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. அவர் நம்பும் நிலத்தைக் கைவிட நமக்கு உரிமை இல்லை.

ஆண்டவரே, எங்கள் கால்களால் இறுகியதை எங்கள் கைகளாலேயே தளர்த்த வலிமை தாரும். நிலம் இழந்தவர்களுக்கு நீதி தாரும். எங்கள் உள்ளத்திலும் எங்கள் வயலிலும் உம் மழை இறங்க வழி செய்யும். ஆமென்.

எழுந்து நின்று, விண்ணையும் மண்ணையும் படைத்த கடவுளில் நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.